காவலுக்கு நிற்கும் படங்கள்

கடலூரில் மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் பக்கம் நடந்து வந்தால், எங்காவது ஒரு காம்பவுண்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு வரிசையாக டைல்ஸ் பதித்திருப்பதைப் பார்க்கலாம். ஒரு பிள்ளையார், ஒரு வேளாங்கண்ணி மாதா, ஒரு மெக்கா. நாலடி தள்ளி மறுபடியும் அதே மூவர். வெளியூர்க்காரர் யாராவது பார்த்தால் சர்வமத நல்லிணக்கம் என்று நெகிழ்ந்துபோவார். உள்ளூர்க்காரருக்கு விஷயம் தெரியும். சுவரோரம் ஒதுங்குகிறவர்களைத் தடுக்கத்தான் சாமிகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதிப் பார்த்து, தண்டனை என்று மிரட்டிப் பார்த்து, கடைசியில் கடவுளிடம் வேலையை ஒப்படைத்தாயிற்று.

சமீப ஆண்டுகளில் தமிழ்நாட்டு நகரங்களின் சுவர்களில் டைல்ஸுக்கு மேலே, தலை உயரத்தில், பெரிய படங்களும் வந்துவிட்டன. பரதம் ஆடும் பெண், காளையின் திமிலைப் பிடித்துத் தொங்கும் இளைஞன், திருவள்ளுவர், மரக்கன்று ஏந்திய சிறுமி, மஞ்சப்பை. கடலூரோ சிதம்பரமோ, ஊர் எதுவானாலும் பட்டியல் அதிகம் மாறுவதில்லை. சுவரோவியக் கலை நம் தெருவுக்கு வந்துவிட்டது என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. சுண்ணாம்படித்த வெறும் சுவரே மேல் என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டு கட்சியிலும் சேர முடியவில்லை. இந்தப் பெரிய படங்களுக்கும் கீழே இருக்கும் பிள்ளையார் டைல்ஸுக்கும் உத்தியோகம் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. போஸ்டர் ஒட்டக்கூடாது, கட்சிக்காரன் எழுதக்கூடாது, குப்பை கொட்டக்கூடாது, ஆள் ஒதுங்கக்கூடாது; அதற்காகப் படம். பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்து வாட்ச்மேன் வேலை கொடுத்திருக்கிறோம். இந்தப் படங்களிடம் உள்ள நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அந்த ஒரு நியமனத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

சிதம்பரத்துக் கோயிலுக்குள் படம் வேறு வேலை பார்க்கிறது. சிவகாமசுந்தரி சந்நிதி மண்டபத்தின் விதானத்தைப் பார்க்கக் கழுத்தைப் பின்னால் சாய்த்துக்கொண்டே நடக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டு, நாயக்கர் காலத்துக் கைவண்ணம். நீளநீளமான பட்டைகளாகப் பிரித்துக் கதையை ஓடவிட்டிருக்கிறார்கள். ஒரு காட்சி முடியும் இடத்தில் அடுத்தது தொடங்குவதால், பார்க்கிறவரின் கால்களும் கதையோடு நகர்கின்றன. பிச்சாடனர் தாருகவனத்து வீட்டு வாசல்களில் வந்து நிற்கிறார். ரிஷிபத்தினிகள் உடை நெகிழ்வதுகூடத் தெரியாமல் பின்தொடர்கிறார்கள். இன்னொரு பக்கம் மோகினியைக் கண்ட ரிஷிகளின் தவம் கலைகிறது.

இந்தக் கதையை அந்த இடத்தில் ஏன் வரைந்தார்கள்? கோபம் கொண்ட ரிஷிகள் வேள்வியில் எழுப்பி ஏவிய புலியையும் பாம்பையும் முயலகனையும் சிவன் அடக்கி ஆடிய ஆட்டம்தான் கூத்தின் தொடக்கம். அதைக் கேள்விப்பட்டுப் பார்க்க ஆசைப்பட்ட ஆதிசேடன்தான் பதஞ்சலியாகத் தில்லைவனத்துக்கு வருகிறார். அதாவது, இந்த ஊர் ஏன் ஊரானது என்பதற்கான முன்கதை தலைக்கு மேலே ஓடுகிறது. பார்த்து முடித்து நாலு எட்டு வைத்தால் அந்தக் கூத்தனே நிற்கிறார். படத்துக்கும் இடத்துக்கும் அப்படி ஓர் ஒட்டு. அந்த விதானத்தைப் பெயர்த்து வேறு ஊரில் மாட்டினால் அழகு இருக்கும், அர்த்தத்தில் பாதி போய்விடும். தெருச்சுவரில் இப்போது நிற்கும் பரதப் பெண்ணுக்கு இந்தச் சங்கடமே கிடையாது. அவளைச் சேலத்தில் நிறுத்தலாம், ஓசூரில் நிறுத்தலாம். எங்கும் ஒரே முத்திரை, ஒரே புன்னகை. 108 கரணங்களையும் கல்லில் செதுக்கிய கோபுரங்கள் நிற்கும் ஊரில்கூட, ஏதோ நடனப் பள்ளியின் விளம்பரத்திலிருந்து எடுத்த ஒரு போஸில்தான் அவள் நின்றாக வேண்டுமா என்பது என் நெடுநாள் ஆதங்கம். கண்ணுக்கு முன்னால் கரணம் இருக்க, கைப்பேசியில் படம் தேடுகிறோம்.

ஆனால் கோயில் விதானத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு தெருச்சுவரை ஏளனம் செய்வது எளிது, நியாயம் இல்லை. தில்லையைப் பார்க்க நாளைக்குப் போகலாம் நாளைக்குப் போகலாம் என்று ஏங்கிக் கிடந்த ஒருவரின் கதையும் இதே ஊர்க் கதைதான். நந்தனார் தீயில் இறங்கித்தான் உள்ளே போக முடிந்தது. சென்னை மாகாணத்தில் 1947 கோயில் நுழைவுச் சட்டம் வரும்வரை அந்த விதானம் ஊரில் ஒரு பெரும்பகுதி மக்களுக்குத் திறக்காத புத்தகம். எவ்வளவு நுட்பமான ஓவியமாக இருந்தால் என்ன, பார்க்க விடாத படம் பாதிப் படம். தெருச்சுவரில் இருப்பதைப் பார்க்கக் குளிக்க வேண்டாம், சட்டையைக் கழற்ற வேண்டாம், எந்தத் தெருவிலிருந்து வருகிறாய் என்று யாரும் கேட்கப்போவதில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர், பூக்கட்டுகிற அம்மா, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் எல்லாரும் இனாமாகப் பார்க்கலாம். சுவரோவியத்தின் பெரிய பலம் இதுதான், அது எவ்வளவு மட்டமாக வரைந்ததாக இருந்தாலும். இந்தப் பலத்தை என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி.

இந்தப் பலத்தை முழுசாகப் புரிந்துகொண்டவர்கள் கட்சிக்காரர்கள்தாம். கி.பி. 79ல் எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன இத்தாலியின் பொம்பேய் நகரத்தைத் தோண்டியபோது, தெருச்சுவர்களில் தேர்தல் எழுத்துகள் இரண்டாயிரத்துக்கும் மேல் கிடைத்தன. இன்னாரை இன்ன பதவிக்குத் தேர்ந்தெடுங்கள், இன்ன தொழிலாளர்கள் கேட்டுக்கொள்கிறார்கள் என்கிற பாணி. எழுதினவர்கள் கூலிக்கு வேலை செய்த தொழில்காரர்கள். வெள்ளையடிக்க ஓர் ஆள், விளக்குப் பிடிக்க ஓர் ஆள் என்று கூட்டாக இரவில் வேலை பார்த்திருக்கிறார்கள். எமிலியஸ் கெலர் என்பவர், யாருமில்லாமல் தனியாக நிலா வெளிச்சத்தில் எழுதியதாக எழுத்தோடு எழுத்தாகத் தன் பெயரையும் சொல்லிவைத்திருக்கிறார். இதைப் படித்தபோது எனக்குப் பொம்பேய் ஞாபகம் வரவில்லை, கடலூர் முதுநகர்தான் வந்தது. தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே சுவர் பிடிக்கக் கிளம்பும் கூட்டம், சைக்கிளில் தொங்கும் சுண்ணாம்பு வாளி, நூலை நீலத்தில் தோய்த்துச் சுண்டிக் கோடு போடுகிறவர், பின்னாலேயே சின்னம் போடத் தெரிந்த ஒருவர், ஓரத்தில் இந்தச் சுவர் இந்த ஆண்டுவரை இந்தக் கட்சிக்கு என்று ஒரு முன்பதிவு. இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் மாறியது விளக்குதான்.

அந்த எழுத்துக்காரர்களின் கையை நாம் சரியாக மதிப்பிட்டதே இல்லை. ஓடும் பஸ்ஸிலிருந்து படிக்க வேண்டிய எழுத்து அது. ஆள் உயர எழுத்தை அளவுகோல் இல்லாமல் சுவர் நீளத்துக்குள் அடக்க வேண்டும். தலைவர் பெயரின் கடைசி எழுத்து மூலையில் போய் நசுங்கினால் மாலை கட்சி ஆபீஸில் மரியாதை கிடைக்காது. எழுத்துக்கு நிழல் வைத்துத் தூக்கிக் காட்டுவது, சூரியனின் கதிரைக் கைக்கணக்கிலேயே சமமாகப் பிரிப்பது, இரட்டை இலையின் நரம்பை ஒரே இழுப்பில் இழுப்பது, மாம்பழத்துக்குச் சிவப்பும் மஞ்சளும் சேரும் இடத்தை ஈரம் காய்வதற்குள் இழைத்துவிடுவது. தமிழ் எழுத்துருக்களின் வரலாற்றை யாராவது எழுத உட்கார்ந்தால் அச்சுக்கூடத்தோடு நிறுத்தாமல் இந்தச் சுவருக்கும் வர வேண்டும்.

சுவரில் எழுதுவது மட்டுமா, எழுதியிருப்பதை அழிப்பதும் நம் அரசியலில் ஓர் எழுத்து. 1952ல் பெரியார் ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளில் இந்தி எழுத்தைத் தாரால் அழிக்கச் சொன்னார். தார்ச்சட்டியும் ஒரு கட்டைப் பிரஷும், அவ்வளவுதான் முதலீடு. அந்தக் கறுப்புப் பட்டையைப் படிக்கத் தெரியாதவர் தமிழ்நாட்டில் யாருமில்லை. 1965ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஊர் இந்தச் சிதம்பரம். இங்கே ஒரு சுவரிலோ பலகையிலோ ஒரு வரி எழுதுவது விளையாட்டான காரியமாக என்றைக்கும் இருந்ததில்லை.

கட்சிச் சுவரின் குறையைச் சொல்லாமல் அதன் கைத்திறனை மட்டும் ரசிப்பது அழகியல் மயக்கம். வீட்டுக்காரரைக் கேட்டு எழுதினார்களா? 1959லேயே திறந்தவெளிகளை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் ஒரு பக்கம் இருந்தது, வாளி ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது. காலையில் எழுந்து வந்தால் தன் வீட்டுச் சுவர் எந்தக் கட்சியில் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டவர்கள் எத்தனையோ பேர். அழித்தால் வம்பு. அதைவிட மோசம் நிறம். கடலூர் மாவட்டத்து ஊர்களில் வண்ணம் வெறும் வண்ணமாக இருப்பதில்லை. எந்த நிறம் எந்தத் தெருவில் முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்பதை மின்கம்பத்தையும் மதகுக் கட்டையையும் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு சின்னத்தின் மேல் ராத்திரி சாணி விழுந்தால் மறுநாள் இரண்டு தெருவும் கொதிக்கும். எல்லாரும் பார்க்கலாம் என்று சற்றுமுன் சொன்ன அதே பலம், இது எங்கள் எல்லை என்று எல்லாருக்கும் அறிவிக்கும் பலமாகவும் ஆகிவிடுகிறது. நகராட்சிக்காரர்கள் படம் வரைந்து சுவரை மூடியதை நான் முழுசாகக் குறைசொல்லாததற்குக் காரணம் இதுதான். நிறத்துக்கு நிறம் முறைத்துக்கொண்டிருந்த சுவரில் ஒரு கிளியும் ஒரு தென்னை மரமும் வந்து உட்கார்ந்தால், கலையாக அது தேறாவிட்டாலும் தெருவுக்கு மூச்சுவிட ஓர் இடம்.

சென்னையில் இது கொஞ்சம் முன்பே தொடங்கியது. 2009 வாக்கில் மாநகராட்சி அண்ணாசாலை, காமராசர் சாலைச் சுவர்களில் போஸ்டருக்குத் தடைபோட்டுத் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை வரையவைத்தது. ஃப்ளெக்ஸ் அச்சு வந்து சினிமா பேனர் வரைந்தவர்களையும் கடைப் பெயர்ப்பலகை எழுதினவர்களையும் ஓரங்கட்டியிருந்த காலம் அது. நாற்பதடி உயரத்துக்கு நடிகர் முகத்தைக் கட்டம் பிரித்து ஏற்றிய கைகள் வீட்டில் சும்மா இருந்தன. அவர்களில் கொஞ்சம் பேருக்காவது அரசாங்கச் சுவர் கூலி கொடுத்தது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து சுபஸ்ரீ என்ற இளம்பெண் உயிரிழந்த பிறகு ஃப்ளெக்ஸ் மேல் வந்த கோபத்தில், கையால் வரைந்த சுவரின் மதிப்பு இன்னும் சற்று கூடியது. ஓவியனுக்குச் சோறு போட்டது என்ற ஒரு காரணத்துக்காகவே இந்தத் திட்டங்களுக்கு முதல் மதிப்பெண்ணைத் தயங்காமல் கொடுக்கலாம்.

இரண்டாவது மதிப்பெண்ணில்தான் கை நிற்கிறது. கூலி சதுர அடிக்கு. சுவரைச் சுரண்டிப் பட்டி பார்த்துப் பிரைமர் அடிப்பதற்கும் அந்தக் கூலிதான். என்ன வரைவது என்பது ஏற்கெனவே அச்சடித்த தாளில் வந்துவிடும். வரைகிறவருக்கு அந்தத் தெருவைப் பற்றி ஒரு கருத்து இருக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை, கேட்பதுமில்லை. சதுர அடிக்குக் கணக்குப் பார்த்தால் வானமும் புல்வெளியும்தான் கட்டுப்படியாகும். முகமும் கையும் நேரம் தின்னும். நம் சுவரோவியங்களில் ஏன் இத்தனை நீல வானம் என்று வியப்பவர்கள் ஒப்பந்தத்தைப் பார்த்தால் போதும். கடலோரத்து உப்புக்காற்று வேறு. வெள்ளி கடற்கரைப் பக்கத்துச் சுவர் ஒரு வடகிழக்குப் பருவமழையைத் தாண்டினாலே பெரிய விஷயம். கார்த்திகை முடிவதற்குள் வள்ளுவரின் தாடி உப்பிப் பெயர்ந்து வந்துவிடும். அவரை மறுபடி ஒட்டவைக்கத் திட்டத்தில் பணம் இருக்காது. திறப்பு விழாவுக்கு இருந்த பணம் பராமரிப்புக்கு இருந்ததாக நம் ஊரில் சரித்திரம் இல்லை.

வரைந்தவர் பெயரும் இருக்காது. ஆணையர் பெயர் இருக்கும், பெயிண்ட் கொடுத்த நிறுவனத்தின் முத்திரை இருக்கும், திட்டத்தின் பெயர் இரண்டு மொழியில் இருக்கும். இது நம் மரபு, ஓவியன் பெயர் போட்டுக்கொள்ள மாட்டான், அடக்கம் என்று சிலர் தத்துவம் சொல்வார்கள். திருவாரூர்க் கோயிலின் தேவாசிரிய மண்டபத்துக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். முசுகுந்தன் கதையை நீட்டி வரைந்த சிங்காதனம் என்ற ஓவியர், முந்நூறு ஆண்டுக்கு முன்பே தன் உருவத்தையும் பெயரையும் அந்தப் படத்துக்குள்ளேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ராசாவையும் சாமியையும் வரைந்த சுவரில் அவருக்கு இடம் இருந்தது. நிலா வெளிச்சத்தில் எழுதிய ரோமானியக் கூலிக்காரருக்கும் இருந்தது. மாநகராட்சிச் சுவரில் இல்லை. பெயர் இல்லாத வேலைக்குப் பொறுப்பும் இல்லை. படம் மோசமாக இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? நன்றாக இருக்கிறது என்றுதான் யாரிடம் போய்ச் சொல்வது?

சென்னை கண்ணகி நகரில் 2020ல் பெரிய அளவில் நடந்த முயற்சியில் இந்தக் குறைகளில் பாதி இல்லை. ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் ஏசியன் பெயிண்ட்ஸும் மாநகராட்சியும் சேர்ந்து, தேர்ந்த ஓவியர்களை வைத்து அடுக்குமாடிகளின் முழுச் சுவர்களை வரைந்தார்கள். ஓவியர்களுக்குப் பெயர் இருந்தது, வண்ணத்துக்குத் தரம் இருந்தது, சில சுவர்களில் அந்தக் குடியிருப்பின் முகங்களே இருந்தன. ஆனால் அங்கே குடியிருப்பவர்கள் நகரத்துக் கரையோரங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த மக்கள். வேலைக்குப் போகும் தூரம் படத்தால் ஒரு மைல்கூடக் குறையவில்லை. அந்த நகரின் பெயரைச் சொன்னாலே வேலை மறுக்கப்படுகிறது என்று குமுறிய பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரைப் பெருமையாகக் காட்ட ஒன்று கிடைத்தது என்பதும் உண்மைதான்; அதை வெளியிலிருந்து நான் சிறிதாக்கிப் பேச மாட்டேன். மலேசியாவில் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் 2012ல் எர்னஸ்ட் ஸகாரெவிச் வரைந்த சைக்கிள் குழந்தைகள் இன்னொரு வழி. நிஜ சைக்கிளைச் சுவரில் பொருத்தி அதன்மேல் இரண்டு பிள்ளைகள். இன்று அதன் முன்னால் படம் எடுக்க வரிசை நிற்கிறது, பக்கத்துக் கடைகளில் அதே படம் பனியனில் தொங்குகிறது. புதுச்சேரியில் வெறும் மஞ்சள் சுவரை வைத்தே அந்த வியாபாரம் நடக்கிறது. கடலூருக்கு அந்த யோகம் வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை.

கடலூருக்குச் சுவரில் சொல்ல விஷயம் இல்லையா என்ன? 1690ல் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கிய கிழக்கிந்திய கம்பெனி, பீரங்கியால் சுட்டுக் குண்டு விழுந்த இடம்வரை எல்லை என்று வைத்துக்கொண்டது. இன்றும் குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று பெயரோடு ஊர் இருக்கிறது. குண்டு போய் விழுந்த கிராமத்துச் சுவரில் அந்தக் குண்டை வரைய ஒரு வாளி கறுப்புப் பெயிண்ட் போதும். 2004 டிசம்பர் 26 அன்று மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. 2011 டிசம்பர் 30ல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ள, கல்லே தெப்பமாகிக் கரையேறிய இடம் இந்த ஊர் என்பது நம்பிக்கை. அப்படித் தள்ளச் சொன்ன பல்லவன் முதலாம் மகேந்திரன்தான் என்பது பொதுவான கருத்து. சித்திரகாரப்புலி என்று பட்டம் வைத்துக்கொண்டவன் அவன். மனம் மாறிய பிறகு, இதே திருப்பாதிரிப்புலியூரான பாடலிபுரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே திருவதிகையில் கோயில் கட்டினான் என்று சேக்கிழார் சொல்கிறார். இடிபட்ட அந்தப் பள்ளியின் சுவரில் என்ன படம் இருந்ததோ. ஓவியத்தின் அருமை தெரிந்த கையும் சுவரை இடிக்கத் தயங்கவில்லை. இவ்வளவும் காலடியில் கிடக்க, நாம் மேலே வரைவது ஒரு மயில்.

சரி, இன்னும் ஒரு படி போவோம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை வரைய விடுவார்களா? குடிகாடு, ஈச்சங்காடு பக்கம் இரவில் வரும் நாற்றத்துக்குச் சாட்சி தேடி, 2004 வாக்கில் ஊர்க்காரர்களே காற்று மாதிரி பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். சூழல் விழிப்புணர்வு என்று சுவர் சுவராக மரக்கன்று வரைகிற ஊரில், அந்த ஒரு படத்துக்கு எங்கே சுவர் கிடைக்கும்? கிடைக்காது. வாட்ச்மேனுக்கு வாய் இருக்கக்கூடாது என்பதுதான் நியமனத்தின் முதல் நிபந்தனை. இத்தாலியின் சர்தீனியத் தீவில் ஓர்கோசோலோ என்றொரு ஆட்டிடையர் ஊர் இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தை ராணுவம் சுடுபயிற்சிக்கு எடுத்துக்கொள்ள வந்தபோது 1969ல் ஊரே போய் அந்த நிலத்தில் உட்கார்ந்தது. 1975ல் அங்கே வேலை பார்த்த பிரான்செஸ்கோ டெல் காசினோ என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு சுவர்களில் வரையத் தொடங்கினார். நிலம், ராணுவம், கூலி, போர் என்று ஊர் பேசிக்கொண்டிருந்ததெல்லாம் சுவருக்கு வந்தது. இன்று அந்த ஊருக்குச் சுற்றுலாப் பேருந்து வருகிறது, கோபமும் காட்சிப்பொருளாகிவிட்டது என்ற குறை அங்கேயும் உண்டு. இருக்கட்டும். முதலில் கோபம் சுவருக்கு வந்ததே.

நம்மிடமும் ஓவிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 2012ல் தமிழ்நாடு அரசு ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளில் நியமித்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்காருவது அன்றிலிருந்து செய்தியாக வந்துகொண்டே இருக்கிறது. தன் வேலையே நாளைக்கு உண்டா என்று தெரியாதவரை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஆலையை வரை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளிக்கூடத்துச் சுவரில் கார்ட்டூன் பொம்மைக்குப் பதில், அந்தப் பிள்ளையின் அப்பா விரித்த வலையையும் பாட்டி உடைத்த முந்திரியையும் வரையவைக்க எந்த அரசாணையும் குறுக்கே நிற்கவில்லை.

ஊரைப் பேசவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்கவில்லை. இலங்கையில் 2019 நவம்பர் தேர்தலில் கோத்தபாய ராஜபக்ச வென்ற கையோடு, இளைஞர்கள் தாங்களாகவே பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு நாடெங்கும் சுவர்களில் வரைந்தார்கள். அரசு ஒப்பந்தம் இல்லை, சதுர அடிக் கூலி இல்லை, உற்சாகம் மட்டும்தான். வந்த படங்களில் பழைய மன்னர்களும் போர்வீரர்களும் நிறைய. போரில் தோற்ற பக்கம் நின்றவர்கள் அந்தச் சுவரைக் கடந்து தினமும் நடக்க வேண்டியிருந்தது. தெருவில் பெரும்பான்மையின் உற்சாகத்துக்கும் ஆணைக்கும் சில சமயம் அதிக வித்தியாசம் இருப்பதில்லை. பிரஷ் யார் கையில் என்பதோடு, பதிலுக்கு எழுத எதிர்ச்சுவர் ஒன்று இருக்கிறதா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

அழிவதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. 2016ல் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரத்தில் ப்ளூ என்ற ஓவியர், தெருவில் வரைந்ததையெல்லாம் அருங்காட்சியகத்துக்குள் கொண்டுபோய் டிக்கெட் போடுவதை எதிர்த்து, இருபது ஆண்டுகளாகத் தான் வரைந்த சுவர்களைச் சாம்பல் வண்ணத்தால் தானே மூடினார். வேறு விதமாக நமக்கும் மூடத் தெரியும். 1931ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வரலாற்று ஆசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி, தஞ்சைப் பெரிய கோயிலின் இருட்டுச் சுற்றில் நாயக்கர் காலத்துப் படம் பெயர்ந்த இடத்தில் எட்டிப் பார்த்தபோது, அடியில் சோழர் காலத்து முகங்கள் இருந்தன. ஏறக்குறைய அறுநூறு ஆண்டுக்குப் பின் வந்தவர்கள் முந்தையதைச் சுரண்டாமல் அப்படியே மேலே பூசி வரைந்திருக்கிறார்கள். மூடியவர்கள்தான் ஒரு வகையில் காப்பாற்றியவர்கள். பின்னாளில் தொல்லியல் துறை மேல் அடுக்கைச் சேதமில்லாமல் பிரித்தெடுத்துத் தனிப் பலகையில் ஒட்டி வைத்தது. இரண்டு அடுக்கும் வரைந்தவர்கள் தங்கள் சுவரை நம்பி வேலை செய்திருந்ததால்தான் பிரித்தெடுக்க ஏதோ இருந்தது.

போன தை மாதம் நான் பார்த்த ஒரு சுவரோடு இதை நிறுத்திக்கொள்கிறேன். மழைக்குப் பின் உப்பியிருந்த படத்தைச் சுரண்டிப் புதிதாக அடிக்க ஆள் வந்திருந்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், பட்டித் தகட்டால் சுரண்டிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றார். நீல வானத்துக்கு அடியில் தூய்மைத் திட்டத்தின் மூக்குக்கண்ணாடி, அதற்கும் அடியில் பழைய சுண்ணாம்பில் சிவப்பு எனாமல் எழுத்து பாதி தெரிந்தது. ஏதோ ஒரு தேர்தலின் 'ழ', வால் நீளமாகச் சுழித்து அடுத்த எழுத்தைத் தொடுகிற மாதிரி.

"இது என் கை சார்" என்றார்.

எப்படி அண்ணே தெரியும் என்று கேட்டேன்.

"இந்தச் சுழி யாரும் இவ்வளவு இழுக்க மாட்டாங்க. இழுத்தா பெயிண்ட் வீணாகுதுன்னு திட்டுவாங்க."

இப்போது என்ன படம் போடப் போகிறீர்கள் என்றதற்கு, சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் காட்டினார். பரதம் ஆடும் பெண். தாளைப் பையில் வைத்துக்கொண்டு, பிரஷ்ஷைப் பிரைமரில் தோய்த்து, அந்த 'ழ'விலிருந்தே அடிக்க ஆரம்பித்தார்.